அம்மா முதியோர் குடியிருப்புக்குப் போகிறார்: அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். 78 வயது அம்மா அடுத்த மாதம் ஒரு முதியோர் குடியிருப்பில் குடியேறுகிறார். அங்கே கொடுத்த மாத அட்டவணையில் யோகா, நாற்காலிப் பயிற்சி, நினைவாற்றல் விளையாட்டு, பாட்டு, ஓவியம் என்று ஒரு கட்டம் பாக்கியில்லாமல் நிரப்பியிருக்கிறார்கள். அம்மாவோ, "இதில் எதற்கும் என்னைக் கூப்பிடக் கூடாது" என்று இப்போதே சொல்லிவிட்டார். இந்த நிகழ்ச்சிகளால் நிஜமாகவே பலன் உண்டா, அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், அம்மாவை எப்படி ஈடுபட வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் 16 வருடமாக இப்படிப்பட்ட குடியிருப்புகளில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அந்த மாதிரி அட்டவணைகளைப் போடுவதே என் வேலை. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் மருந்து மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: கால்களுக்கு வலுவும் சமநிலையும் தருகிற உடற்பயிற்சி. மற்றதெல்லாம் மனிதர்கள் ஒரே அறையில் வந்து உட்கார ஒரு காரணம். அந்தக் காரணமும் தேவைதான். ஆனால் அம்மா அங்கே நன்றாக இருப்பாரா என்பது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் அவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறதா? ஒரு நாள் அவரைக் காணவில்லை என்றால், "எங்கே இன்னும் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா? நான் கடைசியில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

சரி, ஒரு நாளை விடியலிலிருந்து பார்ப்போம்.

வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. மாலையில் சீக்கிரம் தூக்கம் வரும், அதிகாலையில் சீக்கிரம் விழிப்பும் வரும். நான்கு, நான்கரைக்கே பலர் எழுந்து விடுவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். எந்த அட்டவணையிலும் இந்த மூன்று மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. தனியாக விழித்துக் கிடக்கிறவருக்குக் கவலைகள் எல்லாம் வந்து உட்காருகிற நேரம் இது. நல்ல குடியிருப்பில் அந்த நேரத்திலும் ஒரு பொது அறை திறந்திருக்கும், விளக்கு எரியும், சூடாகக் குடிக்க ஏதாவது இருக்கும், இரவுப் பணியாளர் ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார். நீங்கள் போய் விசாரிக்கும்போது, "அதிகாலையில் எழுந்தவர் எங்கே போய் உட்காரலாம்?" என்று கேளுங்கள். பலரும் இதைக் கேட்பதே இல்லை.

எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் ஆபத்தானது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்தால் போதும். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் இரவு விளக்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில் கைப்பிடி, வழுக்காத தரை, பின்பக்கம் மூடிய செருப்பு. இவற்றை எந்த விளம்பரப் படத்திலும் காட்ட மாட்டார்கள், ஆனால் முதல் நாளே நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை.

அடுத்தது குளியல், உடை. 1963ல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் முதியவரின் சுயசார்பை அளக்க ஆறு அன்றாடக் காரியங்களை எடுத்துக்கொண்டார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது. இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த ஆறைத்தான் கேட்கிறார்கள். இங்கேதான் அன்பான பணியாளர்களே தெரியாமல் ஒரு தவறு செய்கிறார்கள். அம்மா சட்டைப் பொத்தான் போட பத்து நிமிடம் எடுப்பார். பணியாளர் போட்டால் ஒரு நிமிடம். காத்திருக்கும் அறைகள் இன்னும் எட்டு இருக்கின்றன. அதனால் அவரே போட்டு விடுவார். ஆறு மாதம் இப்படிப் போனால் விரல்கள் அந்த வேலையை மறந்துவிடும், அதற்கப்புறம் அது நிஜமாகவே முடியாத காரியம் ஆகிவிடும். மெதுவாக என்றாலும் அம்மாவால் முடிகிறவற்றை ஒரு தாளில் எழுதி, "இதையெல்லாம் அவரே செய்யட்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்தவரைக்கும், குடும்பம் இப்படிச் சொன்னால் பணியாளர்களுக்கு நிம்மதிதான். மெதுவாகச் செய்ய அனுமதி கிடைத்துவிடுகிறது.

இப்போது உடற்பயிற்சி. இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரை இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதாவது மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்கும், ஆனாலும் பேச முடியும் என்கிற அளவில், வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாளாவது சமநிலைப் பயிற்சி. நடைக்கு எல்லோரும் முக்கியத்துவம் கொடுக்கிறார்கள். மற்ற இரண்டும்தான் விட்டுப்போகின்றன. விழாமல் காப்பதோ அந்த இரண்டும்தான். 2019ல் 108 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு. அந்தத் தொகுப்பாய்வில், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுந்த வீதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. பலன் உறுதியாகத் தெரிந்தது சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்குகிற பயிற்சிகளில். தனியாக நடைப்பயிற்சி மட்டும் செய்தால் அந்தப் பலன் உண்டா என்று அந்த ஆய்வால் உறுதி சொல்ல முடியவில்லை. தாய் சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சிக்கும் நல்ல சான்று இருக்கிறது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பின் எடையை மெல்ல மாற்றுவதுதான் அதன் உயிர்.

"78 வயதில் என்ன தசை வளரப் போகிறது?" என்று அம்மா கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. 1990ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வசித்த, 90 வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். முழுவதும் செய்து முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994ல் இதையே சராசரி வயது 87 உள்ள 100 பேரிடம் 10 வாரம் செய்து பார்த்தார். அப்போதும் வலு இரட்டிப்புக்கு மேல் ஆனது, நடையின் வேகமும் கூடியது. அந்த இரண்டாவது ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்தார்கள். அவர்களுடைய வலுவில் மாற்றமே இல்லை. டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் முழுக்கப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது, கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போய்விட்டது. ஒரு காய்ச்சல், ஒரு மருத்துவமனை வாசம் போதும், அவ்வளவு நாள் சேர்த்த வலு கரைந்துவிடும். அதனால் உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்தபின் முதல் இரண்டு வாரம் பிசியோதெரபிஸ்ட் வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அந்தக் குடியிருப்பில் நடக்கும் நாற்காலிப் பயிற்சியை ஒரு முறை நேரில் பாருங்கள். எல்லோரும் உட்கார்ந்தபடியே கையை மேலே தூக்கி, பாட்டுக்குத் தாளம் தட்டி, 20 நிமிடத்தில் முடிகிறதா? உற்சாகமாகத்தான் இருக்கும், ஆனால் கால்களுக்கு எதுவும் கிடைக்காது. எழ முடிகிறவர்கள் எழுந்து உட்காருகிறார்களா, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குகிறார்களா, ஒரு காலில் நிற்கப் பழகுகிறார்களா, போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் கடினமாகிறதா? அப்படி இருந்தால் அது சரியான வகுப்பு. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனையும் செய்து பார்க்கலாம். கை வைக்காத நேரான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். 75 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10க்குக் குறைந்தால் விழும் அபாயம் அதிகம் என்று கணக்கு. குடிபோகும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எண்ணுங்கள். அந்த வகுப்பு வேலை செய்கிறதா என்று அந்த எண்ணே சொல்லிவிடும். இதய நோய், மூட்டு அறுவை, சமீபத்தில் எலும்பு முறிவு என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

மதியச் சாப்பாடு. அங்கே வாழ்பவர்களிடம் கேட்டால், நாளின் பெரிய நிகழ்ச்சி இதுதான் என்பார்கள். அரை மணி முன்பே வந்து உட்காருகிறவர்களும் உண்டு. பசியை விட, ஆட்களைப் பார்க்கும் ஆசை. புதிதாக வருகிறவருக்குச் சாப்பாட்டுக் கூடம் பள்ளிக்கூடத்தின் முதல் நாள் மாதிரி. ஒவ்வொரு மேசையிலும் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். முதல் நாள் தெரியாமல் ஒருவரின் இடத்தில் உட்கார்ந்து, அவர் முகம் சுளித்ததைப் பார்த்து, அதற்கப்புறம் இரண்டு மாதம் அறையிலேயே சாப்பிட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து, புதியவர் வரும் முன்பே ஒரு மேசையில் பேசி வைத்து, முதல் வாரம் அவரை அழைத்துப் போக ஒருவரை ஏற்பாடு செய்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். உங்கள் அம்மாவுக்கும் இதைக் கேட்டு வாங்குங்கள். மற்ற எந்த நிகழ்ச்சியையும் விட, சேர்ந்து உட்கார ஒரு மேசை முக்கியம். 2010ல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் தொகுத்துப் பார்த்ததில், நெருங்கிய உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அவை பலவீனமாக உள்ளவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

தட்டில் என்ன இருக்கிறது என்பதில் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன், புரதம். முதியவர்களுக்கு ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார். மெல்லக் கஷ்டம், பசி குறைவு என்று மென்மையான மாவுப் பண்டங்களோடு நிறுத்திக்கொள்வதுதான் நடக்கிறது. அப்புறம் தண்ணீர். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தாமதம்தான்.

கூடத்தில் இன்னொரு சிக்கல், இரைச்சல். ஐம்பது பேர் பேசும் சத்தத்தில் காது கேட்காதவருக்கு எதிரே இருப்பவர் சொல்வது புரியாது. இரண்டு முறை "என்ன?" என்று கேட்பார், மூன்றாம் முறை சிரித்துத் தலையாட்டுவார், நான்காம் நாள் வரமாட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், "அவருக்குக் கூட்டம் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அம்மா எதற்கும் வர மாட்டேன் என்பதற்குக் காதும் ஒரு காரணமா என்று தயவுசெய்து பாருங்கள். கேட்கும் திறன் குறைவதை மறதி நோய்க்கான மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் சேர்த்திருக்கிறது. ஆணையத்தின் 2024 அறிக்கையில் அப்படி 14 காரணிகள் உள்ளன. காது மிஷின் வாங்கினால் மட்டும் போதாது. பேட்டரி மாற்ற, சுத்தம் செய்ய, தினமும் காலையில் மாட்டிவிட யார் பொறுப்பு என்பது வரை பேசி முடிக்க வேண்டும். மேசை இழுப்பறையில் தூங்குகிற மிஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்டபின் ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணி வரை. இங்கேதான் நாள் தொய்கிறது. குட்டித் தூக்கம் நல்லது, அரை மணி, முக்கால் மணி. அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். தூக்கத்துக்குப் பின் மிஞ்சும் நேரத்தில் என்ன நடக்கிறது? தொலைக்காட்சிக்கு முன்னால் அரைவட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தால், எத்தனை அழகான கட்டடமாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

1991ல் அமெரிக்காவில் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் சேஸ் மெமோரியல் என்ற முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் பொறுப்புக்கு வந்தார். அங்கே இருப்பவர்களைக் கொல்வது நோய் மட்டுமில்லை, தனிமை, சலிப்பு, எதற்கும் உதவாதவர் என்ற உணர்வு, இந்த மூன்றும்தான் என்று அவருக்குப் பட்டது. இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், 100 கிளிகள், ஒவ்வொரு அறைக்கும் செடிகள் என்று உள்ளே கொண்டுவந்தார். கிளிகள் வந்து இறங்கிய அன்று கூண்டுகள் தயாராக இல்லை என்பார்கள். அந்தக் குழப்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வசிப்பவர்கள் உதவிக்கு வந்தார்களாம். "என் கிளிக்கு இன்னும் தீனி வைக்கவில்லை" என்று காலையில் எழுவதற்கு ஒருவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணம்தான் நான் மேலே சொன்ன பொறுப்பு.

இதற்கும் முன்னால், 1976ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் எளிய சோதனை ஒன்று நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் படம் பார்ப்பது எல்லாம் உங்கள் முடிவு, விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றி வளருங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில் உள்ளவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியரின் வேலை, உங்களை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் மாறியிருந்தார்கள். செடி இரண்டு தளத்திலும் ஒன்றுதான். யார் கையில் தண்ணீர் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிய ஒரு ஐயா, வந்து இரண்டரை மாதம் ஒரு நிகழ்ச்சிக்கும் வரவில்லை. ஓவியத்துக்குக் கூப்பிட்டேன், பாட்டுக்குக் கூப்பிட்டேன், சதுரங்கத்துக்குக் கூப்பிட்டேன், ஒவ்வொரு முறையும் மரியாதையாக மறுத்தார். ஒரு நாள் நூலகத்தில் திரும்பி வராத புத்தகங்களின் பட்டியலோடு திணறிக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று பார்த்தவர், "இப்படி எழுதினால் எப்படித் தெரியும்? இங்கே கொடுங்கள்" என்று நோட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் மூன்று மணிக்கு நூலக மேசையில் அவர்தான். புத்தகம் வாங்க வருகிறவர்களோடு பேச ஆரம்பித்தார், அவர்களில் இருவரோடு மாலை நடைக்குப் போக ஆரம்பித்தார். அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதுவரை நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது, என்னால் முடியாத ஒரு வேலை அவரால் முடிந்ததே, அதுதான்.

உங்கள் அம்மா நாற்பது ஐம்பது வருடம் எதில் கெட்டிக்காரராக இருந்தார்? தையலா, தோட்டமா, கணக்கா, நாலு பேரைக் கூட்டி வேலை வாங்குவதா, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதா? அதை ஒரு பக்கம் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். மருத்துவக் கோப்பில் சர்க்கரை அளவும் மாத்திரைப் பட்டியலும் இருக்கும், இந்த விவரம் இருக்காது. அப்புறம், "நிகழ்ச்சிக்கு வாருங்கள்" என்று அழைக்காமல் "இதில் எங்களுக்கு உதவ முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று சொன்ன பலர் இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுந்து வந்திருக்கிறார்கள்.

நினைவாற்றல் விளையாட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்து 2003ல் வெளியான ஆய்வில், படிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாகவே வந்தது. விளையாட்டு நோயைத் தடுத்ததா, மூளை நன்றாக இருந்தவர்கள்தான் விளையாடினார்களா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆகவே குறுக்கெழுத்துப் போட்டியை மருந்தாக நினைத்து அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பிடித்தால் நல்லது, அவ்வளவுதான். நடனம் அல்லது பாட்டு இருந்தால் அதற்கு என் ஓட்டு அதிகம். உடம்பு, தாளம், ஞாபகம், பக்கத்து ஆள் எல்லாமே அதில் சேர்ந்து வருகின்றன. மறதி முற்றிய நிலையில் பிள்ளையின் பெயரே வராத ஒருவர், இளமையில் கேட்ட பாட்டை முழுக்கப் பாடி முடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்கும்.

பணியாளர்கள் பேசும் விதத்தையும் கவனியுங்கள். "சமத்தா மருந்து குடிப்பீங்களாம், நம்ம இப்ப குளிக்கப் போறோமாம்" என்று கொஞ்சிப் பேசுவது பாசத்தில்தான். ஆனால் வங்கியை நடத்தியவரையும் பள்ளியை நடத்தியவரையும் அது குழந்தையாக்கிவிடுகிறது. மறதி நோய் உள்ளவர்களிடம் இந்தக் குழந்தைப் பேச்சு பேசும்போது அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது கூடுகிறது என்று 2009ல் ஒரு ஆய்வு பதிவு செய்திருக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரி "பாட்டி" என்று கூப்பிடாமல், அவருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று முதல் நாளே கேட்கிற இடம் நல்ல இடம். சிலருக்குப் பெயர் சொல்லி அம்மா, சிலருக்கு டீச்சர், சிலருக்குப் பாட்டி என்பதே இனிக்கும். கேட்டால்தானே தெரியும்.

மாலைக்கு வருவோம். வெளிச்சம் இருக்கும்போதே வெளியில் நடப்பது தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லது. மறதி நோய் உள்ளவர்கள் சிலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்துவிடுவார்கள். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டு, கைக்கு ஏதாவது எளிய வேலை கொடுக்கிற இடங்களில் அந்த நேரம் அமைதியாகக் கழிகிறது. இளையவர்கள் வந்துபோகும் இடம் என்றால் மாலை இன்னும் களைகட்டும். நெதர்லாந்தில் டெவன்டர் நகரத்தில் ஹுமானிடாஸ் என்ற முதியோர் இல்லம் கல்லூரி மாணவர்களை வாடகையில்லாமல் தங்க வைக்கிறது. பதிலுக்கு அவர்கள் மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும். பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, சேர்ந்து சாப்பிடலாம், கணினியில் உதவலாம், பரீட்சையைப் பற்றிப் புலம்பலாம். தன் காதல் விவகாரத்துக்கு யோசனை கேட்கிற இருபது வயதுப் பிள்ளை பக்கத்து அறையில் இருந்தால், பேச்சு மூட்டு வலியைத் தாண்டிப் போகும்.

இந்த வாழ்க்கையில் சொல்லாமல் விடப்படுகிற ஒன்று உண்டு, சாவு. அங்கே நண்பர்கள் கிடைப்பார்கள், அவர்களில் சிலரை இழக்கவும் நேரும். பல இடங்களில் இரவோடு இரவாக எல்லாம் முடிந்துவிடும். காலையில் அந்த நாற்காலி காலி, யாரும் பெயரைக் கூட எடுக்க மாட்டார்கள். மற்றவர்கள் கலங்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, "நாளைக்கு என்னையும் இப்படித்தான் துடைத்துவிடுவார்கள்" என்றுதான் தோன்றும். நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். இறந்தவரின் படத்தை மூன்று நாள் பொது அறையில் வைப்போம், மாலையில் அரை மணி உட்கார்ந்து அவரைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொல்வோம். அழுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். யாருக்கும் அதனால் உடம்பு கெட்டதில்லை. "இங்கே ஒருவர் காலமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்தப் பதிலிலேயே அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. காலம் முழுக்கத் தனிமையையும் புத்தகத்தையும் விரும்பியவர் அங்கேயும் அப்படியே இருந்தால் அது அவர் சுபாவம், மதிக்க வேண்டும். கவலைப்பட வேண்டியது மாற்றத்தைப் பார்த்துத்தான். படிக்கிறவர் படிப்பதை நிறுத்திவிட்டால், பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், நன்றாக உடுத்துகிறவர் அதையும் விட்டுவிட்டால், வயது அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் அலுப்பாகவும் உடல் வலியாகவும் வெளிப்படுவது உண்டு. சிகிச்சை செய்தால் தெளிந்து வருவார்கள்.

முதல் மூன்று மாதம் கடினமாகத்தான் இருக்கும். "என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டாய்" என்ற வார்த்தை வரலாம். அதற்காக உடனே அழைத்துக்கொண்டு போய்விடவும் வேண்டாம், கோபித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். அவருடைய பழைய நாற்காலி, தலைமாட்டு விளக்கு, போர்வை ஆகியவற்றைப் புதிதாக வாங்காமல் அப்படியே கொண்டுபோங்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும், நீங்கள் தூக்கி வைத்தால் போதும். போகும்போது அவருடைய அறையிலேயே உட்கார்ந்துவிடாமல், பொது அறைக்கு வந்து இரண்டு பேரோடு சேர்ந்து பேசுங்கள். உங்களைப் பார்க்கிறவர்கள், நீங்கள் போனபின் அம்மாவிடம் வந்து, "உங்கள் பிள்ளையா?" என்று கேட்பார்கள். அதிலிருந்து ஒரு பேச்சு தொடங்கும்.

போனில் பேசும்போது, "சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வகுப்புக்குப் போனாயா" என்று வரிசையாகக் கேட்டால் அம்மா ஆம், ஆம், இல்லை என்று முடித்துவிடுவார். "இன்றைக்குச் சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேளுங்கள். முதல் வாரம் "யாரோ" என்பார். ஒரு நாள் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை, "அவர் எப்படி இருக்கிறார்?" என்று விசாரியுங்கள்.